வெள்ளக் கோடா, வெறும் ஈரமா?

வெள்ளம் வடிந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அளவெடுக்கப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். தேதி எழுத மறப்பது, படத்தில் அளவுகோல் வைக்காமல் விடுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். மற்றவை அப்படியல்ல.

ஈரத்தை நீர்மட்டம் என்று எடுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. செங்கல்லும் சாந்தும் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். முழங்காலளவு நின்ற வெள்ளத்தின் ஈரம் இடுப்புவரைகூட ஏறிவிடும். கண்ணில் முதலில் படுவதும் அந்தக் கருத்த விளிம்புதான்.

ஒரு வீட்டில் இரண்டு பேர் அந்த ஈர விளிம்பில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அதே அறையின் ஜன்னல் கண்ணாடியில், ஒரு சாணுக்கும் கீழே, நூல் பிடித்தாற்போல் வண்டல் கோடு. கண்ணாடி உறிஞ்சாது, அது காட்டுவதுதான் நீர்மட்டம். தெரு முழுக்க அவர்கள் ஈரத்தைத்தான் அளந்திருந்தார்கள். அந்த எண்கள் வெள்ளத்தின் உயரத்தைக் கணிக்கும் கணினிக் கணக்குக்குள் போயின. கணக்கு ஒத்துவரவில்லை என்று, அதில் ஆற்றுப்படுகையின் உராய்வு எண்ணைக் கூட்டி வெள்ளத்தை உயர்த்திக் காட்டினார்கள். அதனால் கட்ட வேண்டிய கரையின் உயரம் கூடியது, செலவும் ஏறியது. மறுபடி அளக்கலாம் என்று போனால், சுவர்களுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது.

ஈர விளிம்பு மங்கலாக, மேடுபள்ளமாக இருக்கும். காய்ந்ததும் உப்புப் பூக்கும். தண்ணீர் நின்ற கோடு நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் ஓடும். கண்ணாடி, இரும்புக் கதவு, மீட்டர் பெட்டி என்று உறிஞ்சாத பொருளாகத் தேடுங்கள். மூடிய பீரோவுக்குள் கோடு கிடைத்தால் இன்னும் நல்லது, அங்கே அலை கிடையாது.

கம்பத்தின் எதிர்முகம்

ஓட்டத்தை எதிர்கொள்ளும் பக்கத்தில் நீர் மோதி ஏறும். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்துக்கே சுமார் 20 செ.மீ. கூடிவிடும்.

செடியில் தொங்கும் செத்தை

வேண்டாம். வெள்ளத்தில் சாய்ந்த செடி அப்புறம் நிமிர்ந்துவிடும்.

தரையிலிருந்து மட்டும் அளப்பது

தரை அரித்துப்போகும். உயரம் முன்பே தெரிந்த, நிலையான மட்டக்குறியோடு உங்கள் அளவை இணையுங்கள்.

கடற்கரையில் மேல் வரிசையை நம்புவது

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், பெரிதாக இருக்கும். அடுத்த ஒரு வாரம் அது குறையக் குறைய, பாசியும் குப்பையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசை கட்டும். மேலே காய்ந்து நொறுங்குவது பழைய ஓதம், கீழே ஈரமாகக் கிடப்பது இன்றையது. அதுவும் அலை தள்ளிய உயரம்தானே தவிர, நீர்மட்டம் அல்ல. பாறையில் ஒட்டும் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிரும் அப்படித்தான்: அலை அடிக்கும் பக்கத்தில் உயரமாக ஏறியிருக்கும், ஒதுக்குப்புறத்தில் தாழ்ந்திருக்கும். இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓத உயரத்தை எழுதாதீர்கள்.