தோட்டா உறைகளை எடை போடும் முன்

மறுபடி மருந்திட்டுச் சுட வைத்திருக்கும் .308 வின்செஸ்டர் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறைகளை முதலில் அடிப்பாக முத்திரை (அடியில் பொறித்த தயாரிப்பாளர் குறி) பார்த்துப் பிரித்து வையுங்கள். ராணுவ 7.62 மி.மீ. உறைகள் பெரும்பாலும் தடித்தவை, உள்ளிடம் குறைவு. அதே அளவு வெடிமருந்து இட்டாலும் அழுத்தம் ஏறும், கலக்கவே கூடாது.

சுட்டபோது விரிந்த உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அளவு அச்சில் அழுத்தும்போது உறை நீளும். அதனால் அழுத்திய பின்பே நீளம் பாருங்கள்: உச்சம் 2.015 அங்குலம், வெட்டும் அளவு 2.005. பிசிறு நீக்கி, மசகைத் துடைத்த பிறகுதான் தராசு. நீளம் வேறுபட்டால் எடை பொய் சொல்லும்.

எடையைவிட, குண்டைப் பிடிக்கும் கழுத்துச் சுவரின் தடிப்புக்கே நாங்கள் முதலிடம் தருவோம். பந்துமுனை மைக்ரோமீட்டரால் நான்கு இடத்தில் அளந்து, 0.001 அங்குலத்துக்கு மேல் வேறுபடுபவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று வளையம் தெரிகிறதா? முனை வளைத்த கம்பியால் உட்சுவரை உரசுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் உறை அங்கேதான் பிய்யும், நசுக்கி எறியுங்கள்.