ஆன்லைனில் பழங்கத்தி வாங்குமுன் வாயைப் பாருங்கள்

நம்ம ஊர்ப் பக்கத்துப் பழைய கத்திகளுக்கு ஆன்லைனில் விற்கிறவர்கள் வைக்கிற பெயர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. எதை எடுத்தாலும் ‘பாளையக்காரர் போர்க்கத்தி’, ‘மறவர் குத்துவாள்’, கூடவே ‘18ஆம் நூற்றாண்டு’ என்று ஒரு வரி. எங்களுடையது திருப்பாச்சேத்தியில் பட்டறை வைத்திருந்த குடும்பம். நான் மதுரையில் தெற்கு மாசி வீதிப் பக்கம் சாணை பிடிக்கிறேன். படத்தை மட்டும் வைத்து எப்படி அடையாளம் காண்பது என்று கடைக்கு வரும் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எத்தனை வருஷப் பழசு என்று அப்புறம் கேட்கலாம். என்ன வேலை செய்த கத்தி என்று முதலில் கேளுங்கள். அதற்கான பதில் வாயில், அதாவது அலகின் கூர்ப்பக்கத்தில் இருக்கும். சிவப்புத் துணிமேல் வைத்து எடுத்த ஒரே படத்தை நம்ப வேண்டாம். வாய், முதுகு, பிடியும் அலகும் சேரும் இடம், இந்த மூன்றையும் பகல் வெளிச்சத்தில் கிட்டே வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எடையும் நீளமும் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

அதிகம் பெயர் மாறிப் போவது பதநீர், கள் இறக்கப் பனம்பாளையைச் சீவும் பனையேறிகளின் பாளை அரிவாள். அலகு அகலம், ஆனால் மெல்லிசு. பாளையைச் சீவுவதற்கு வாய் சவரக்கத்திக் கூர்மையில் இருக்க வேண்டும் என்பதால், தீட்டுப் பலகையில் வெங்கச்சங்கல் (வெள்ளைக் கல்) பொடியைத் தூவித் தீட்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால் வாய்ப்பக்கம் வழவழவென்று தேய்ந்து அலகு ஒடுங்கியிருக்கும். முதுகு செய்தபடியே இருக்கும். அந்தத் தேய்மானம் ஒருவர் வருஷக்கணக்கில் மரமேறிய உழைப்பு. அதைப் போர்க்கத்தி என்று விற்றால் அந்த மனுஷனையே அழித்துவிடுகிறோம்.

அடுத்தது ஓலைச்சுவடி எழுதும் மடக்கெழுத்தாணி. ஒரே பிடிக்குள் ஒரு சின்னக் கத்தியும் ஒரு ஊசியும் மடங்கி நிற்கும். இதை ‘ரகசியக் குத்துவாள்’ என்றும் ‘நாட்டு வைத்தியர் அறுவைக் கருவி’ என்றும் போடுகிறார்கள். கத்தி, ஓலையின் ஓரத்தை நறுக்க. ஊசி, எழுத்தைக் கீற. ஊசி முனையை விரல் நகத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல எழுத்தாணி கோடு போடும், கிழிக்காது. ஓலையைக் கிழித்துவிட்டால் ஏடு வீணாகிவிடும் அல்லவா? என்னைக் கேட்டால், எந்த வாளை விடவும் இதைத்தான் தேடி வாங்கிப் பாதுகாக்க வேண்டும்.

குடகுக்காரர்களின் பீச்சாங்கத்தியும் திப்பு சுல்தான் பெயரிலோ நாயக்கர் பெயரிலோ வருகிறது. வெள்ளி வேலைப்பாடு செய்த உறை, அதிலிருந்து தொங்கும் சங்கிலியில் காது குடையும் குச்சி, முள்வாங்கி மாதிரிச் சின்னச் சாமான்கள் இருந்தால் அது குடகு ஆண்கள் விசேஷங்களுக்கு இடுப்பில் செருகுவது. குடகுக் கத்தி என்றே எழுதி வையுங்கள்.

சரி, வயசுக்கு வருவோம். இப்போதைய அரிவாள்கள் பெரும்பாலும் லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடிப்பவை. பட்டையின் நடு ஓட்டை அலகில் தெரிந்தால் அது பெரும்பாலும் மோட்டார் வண்டி வந்த பிறகு செய்தது. கிரைண்டர் ஓட்டிய வளைகோடுகள், பூணுக்கு அடியில் வெல்டிங் பொட்டு, பிடியில் நட்சத்திரத் தலை ஸ்குரு, இவை எல்லாமே புதுசு என்று சொல்லிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கத்திகள் ஷெஃபீல்டில் 1913க்குப் பிறகுதான் வந்தன; பளபளவென்று ‘விக்டோரியா காலம்’ என்றால் நம்பாதீர்கள். துருவையும் கவனியுங்கள். பழைய துரு கறுத்து இறுகியிருக்கும். ஆசிட் ஊற்றி வரவழைத்தது செம்மண் நிறத்தில் விரலில் ஒட்டும், பிடிக்கு அடியில்கூட ஒரே சீராகப் படர்ந்திருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கட்டாரியில் (கைக்குள் குறுக்குப் பிடியைப் பிடித்துக் குத்தும் குத்துவாள்) ஐரோப்பிய அலகைக் கண்டதும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் கப்பலில் வந்த அலகை வாங்கி இங்கே பிடி போட்டிருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு வந்தால் கண் பழகும்.

சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த கலைப்பொருளை வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பக்கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் அல்லாத 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுள்ள கத்திகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. பெரிசாக எதையும் வாங்குமுன் உங்கள் ஊர் நிலவரத்தை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்த பிறகு எலுமிச்சம்பழம், உப்புத்தாள் எதையும் அதில் காட்டாதீர்கள். துணியில் லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். ஒரு அட்டையில் எந்த ஊர், என்ன தொழில், யார் கையிலிருந்து வந்தது என்று தெரிந்தவரை எழுதிப் பிடியில் கட்டிவிடுங்கள். விற்றவர் தப்பாகப் பெயர் போட்டிருந்தால் அவருக்கும் சொல்லுங்கள்; திருத்திப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.