தெய்வம், ஞானம்: கண்ணாடி முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கம் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் வழிபாட்டின் தலைமையிடமான பதியில், கருவறையான பள்ளியறைக்கு நேரே நின்றால் தெரிவது சிலை அல்ல, கண்ணாடி. கேரளத்தில் சேர்த்தலை அருகே களவங்கோடத்தில், சாதிபேதத்தை எதிர்த்த துறவி நாராயண குரு 1927-இல் பிரதிஷ்டை செய்ததும் கண்ணாடிதான். தெய்வத்துக்கும் ஞானத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் முதலில் போய் நிற்க வேண்டிய இடங்கள் இவை. தப்பாகப் புரிந்துகொண்டு திரும்புவோரும் நிறையப் பேர்.

“அப்போ நான்தான் கடவுள்” என்று முடிவு கட்டுவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கண்ணாடியில் தெரிவது முகமும் நெற்றி நாமமும். இவை பார்க்கப்படுபவை. பார்க்கிற அறிவு கண்ணாடியில் தெரியாது. அதன் பக்கம் மனதைத் திருப்பத்தான் கண்ணாடி. வீட்டிலேயே பழகலாம். காலையில் 20 நிமிடம் முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். முதலில் உடம்பு, பிறகு மூச்சு, பிறகு எண்ணம், கடைசியாக ‘நான் இன்னார்’ என்ற நினைப்பு. ஒவ்வொன்றிலும் ‘இது யாருக்குத் தெரிகிறது?’ என்று கேளுங்கள். பதில் வார்த்தையாக வந்தால் அதுவும் எண்ணமே, விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுக் கடைசிப் படிக்குத் தாவினால் ‘நான்’ இன்னும் பெருத்துத்தான் எழுந்து வரும்.

உட்காரும்போது வெளிச்சம், ஓசை, சிலிர்ப்பு வரலாம். வந்தது போய்விட்டால் அது அனுபவம், ஞானம் அல்ல. பட்டினியும் தூக்கக்கேடும் சேர்ந்தாலும் இவை வரும். இரவில் தூக்கம் கெட்டு, பயம் தொற்றிக்கொண்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சிலை வழிபாடு கீழ்ப்படி, ஞானிக்குத் தேவையில்லை என்பதும் தவறான கணக்கு. நாராயண குரு 1888-இல் அருவிப்புறத்தில் நெய்யாற்றுக் கல்லைச் சிவலிங்கமாக நிறுத்தினார். 1912-இல் சிவகிரியில் கல்வித் தெய்வமான சாரதையை வைத்தார். கண்ணாடி அதற்குப் பிறகு. தன்னை அறிவதைப் பற்றிய நூறு பாடல்களான ஆத்மோபதேச சதகம் பாடியவரும் அவரே. கோயிலை விட்டால்தான் ஞானம் என்று அவர் நடந்துகொள்ளவில்லை.

நம் தமிழக-கேரள எல்லைப்புறத்தில் சைவ சித்தாந்தமும் அத்வைதமும் ஒரே வீட்டில் காதில் விழும். கேட்பதில் தப்பில்லை, கலக்கக் கூடாது. சித்தாந்தத்தில் ஞானம் அருளால் வருவது. முத்தியிலும் உயிர் சிவமாகிவிடுவதில்லை, ஆணவத்தின் வலிமை அடங்கிச் சிவன் திருவடியில் நிற்கிறது. அத்வைதத்திலோ அறியாமை நீங்குவதுதான் ஞானம், புதிதாக அடைய ஒன்றும் இல்லை. இரண்டையும் குழப்பினால், அருள் வரட்டும் என்று விசாரணையை விடுவோம், நானே பிரம்மம் என்று பூசையை விடுவோம். ஒரு வழியில் ஓராண்டாவது நில்லுங்கள்.

கண்ணாடியை உள்ளுக்குள் மட்டும் தேடும் விஷயமாகச் சுருக்குவது எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது. சாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பாகை கட்டியே உள்ளே போகிறார்கள். ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு அந்தத் துணி மறுக்கப்பட்டிருந்தது. அய்யா வைகுண்டர் கட்டச் சொன்னார். தலை நிமிர்ந்த தன் உருவத்தைத் தெய்வத்தின் இடத்தில் பார்த்த மனிதனுக்கு அது என்ன செய்திருக்கும்! சாமித்தோப்பு முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளித்ததும் இதே வழிபாட்டின் பகுதி. சாதிபேதமும் மதவெறுப்பும் இல்லாமல் எல்லோரும் சகோதரராய் வாழும் இடம் என்று அருவிப்புறத்தில் குரு எழுதிவைத்ததும் இதைத்தான். வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டில் 20 நிமிடம் உட்கார்வதற்கு முன் அந்த டம்ளரை எடுத்துவிடுங்கள்.