ஜிடிஏ 6-க்குக் காத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராக்ஸ்டார் நிறுவனத்தின் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வீடியோ கேம் வரிசையில் அடுத்து வரும் ஜிடிஏ 6-இன் முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பரில் வந்தது. கடைசியில் 2025 என்று வருடத்தை மட்டும் போட்டு முடித்திருந்தார்கள். அது பிறகு 2026 மே 26 ஆனது. 2025 நவம்பரில் மறுபடியும் தள்ளிவைத்து, 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். இதற்கிடையில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ட்ரெய்லரில் ஓடும் காரின் நம்பர் பிளேட் வரை நிறுத்திப் பார்த்து அலசினார்கள். சிலர் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்று கேம் ஆடும் புது கன்சோலே வாங்கி வைத்துவிட்டார்கள்.

ஆசையாகக் காத்திருப்பதில் எந்தத் தப்பும் இல்லை. சொல்லப்போனால், சில கேம்களில் ஆடுவதைவிடக் காத்திருந்த காலம்தான் நன்றாக இருந்திருக்கும். இன்னும் செய்து முடிக்காத ஒன்றை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு முடிவெடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. பெரும்பாலும் அது பணம் சம்பந்தப்பட்ட முடிவாக இருக்கும்.

தேதியை வாக்குறுதியாக நினைப்பது

கேம் உலகில் தேதி என்பது பல தினுசு. வருடத்தை மட்டும் சொன்னால், அது அவர்களுடைய ஆசை. “இந்த நிதியாண்டுக்குள்” என்று சொன்னால், அது உங்களுக்குச் சொன்னதே இல்லை, பங்குதாரர்களுக்குச் சொன்னது. ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூவின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அதன் வெளியீட்டுத் திட்டங்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நாள், மாதம், வருடம் மூன்றையும் சொல்லிவிட்டால் கொஞ்சம் நம்பலாம். கொஞ்சம்தான்.

ஏனென்றால் சைபர்பங்க் 2077 என்ற கேம் தந்த பாடம் இருக்கிறது. 2013 ஜனவரி டீசரில் “தயாரானதும் வரும்” என்றார்கள். நியாயமான பேச்சு. அப்புறம் 2020 ஏப்ரல் 16 என்று தேதி கொடுத்தார்கள். அது செப்டம்பர் 17 ஆகி, நவம்பர் 19 ஆனது. 2020 அக்டோபர் 5-ஆம் தேதி “கோல்டு” ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள், அதாவது டிஸ்க்கில் ஏற்றும் பிரதி தயார். பத்திரிகை அடித்துவிட்டார்கள், இனி கல்யாணம் நடக்காமல் போகுமா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே இன்னும் 21 நாள் தள்ளிவைத்தார்கள். டிசம்பர் 10-ஆம் தேதிதான் கேம் வந்தது.

கோல்டு என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. டிஸ்க் அச்சாகி, பெட்டியில் அடைந்து, கடைக்குப் போகும் அந்தச் சில வாரங்களிலும் வேலை நடந்துகொண்டே இருக்கும். அந்த வேலைதான் முதல் நாள் பேட்ச்சாக, அதாவது திருத்தக் கோப்பாக, உங்கள் இணைய டேட்டாவைத் தின்றபடி வந்து இறங்கும். பழைய கன்சோல், புது கன்சோல், பிசி என்று பல வடிவங்களை ஒரே நாளில் விடுவதென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சைபர்பங்க்கைக் கடைசியாகத் தள்ளிவைத்தபோது சொன்ன காரணமும் இதுதான்.

தேதியே இல்லாமல் லோகோவை மட்டும் காட்டும் அறிவிப்பைப் பார்த்தவுடன் மறந்துவிடுங்கள். மெட்ராய்டு பிரைம் 4-இன் பெயரை 2017-இல் காட்டினார்கள். 2019 ஜனவரியில் வேலையை முதலிலிருந்து மறுபடி தொடங்குவதாகச் சொன்னார்கள். கேம் வந்தது 2025 டிசம்பரில். எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-க்கு 2018 ஜூனில் மலைக்காட்சி ஒன்றைக் காட்டிப் பெயரைப் போட்டார்கள், அவ்வளவுதான். பர்ஃபெக்ட் டார்க்கின் கதை இன்னும் மோசம். 2020-இல் அறிவிப்பு, 2024-இல் ஆடும் காட்சிகள், 2025 ஜூலையில் ரத்து. அதைச் செய்துகொண்டிருந்த ஸ்டுடியோவையும் மூடிவிட்டார்கள்.

இன்னொன்று, தேதி தள்ளிப்போனால் கோபத்தைக் கேம் செய்பவர்கள் மேல் காட்டாதீர்கள். 2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை சில வாரங்கள் தள்ளிப்போனதற்கு அதை உருவாக்கிய ஷான் முர்ரேவுக்குக் கொலை மிரட்டல் போனது. ஒரு விளையாட்டுக்காக!

ட்ரெய்லரைத் தப்பாகப் படிப்பது

ட்ரெய்லரில் காட்டியது, பேட்டியில் சொன்னது, நாமாகவே கற்பனை செய்துகொண்டது என்று மூன்று இருக்கின்றன. மாதக்கணக்கில் காத்திருக்கும்போது இவை மூன்றும் மூளையில் ஒன்றாகக் கலந்துவிடும். நோ மேன்ஸ் ஸ்கையில் மற்ற ஆட்டக்காரர்களைச் சந்திக்க முடியும், ஆனால் பிரபஞ்சம் அவ்வளவு பெரியது என்பதால் வாய்ப்பு மிகக் குறைவு என்பது போலப் பேட்டிகளில் சொல்லியிருந்தார்கள். வெளியான உடனேயே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. முழுமையான மல்டிபிளேயர் 2018 ஜூலை அப்டேட்டில்தான் வந்தது.

சைபர்பங்க்கின் 48 நிமிடக் காட்சி 2018-இல் வெளியானது. வேலை நடந்துகொண்டிருக்கிறது, மாறலாம் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். அதில் வந்த சுவரேறும் வசதியைப் பிறகு எடுத்துவிட்டார்கள். எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை, சுவரேறியதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். வாட்ச் டாக்ஸ் 2012-இல் இ3 கேம் கண்காட்சி மேடையில் காட்டிய மழையும் வெளிச்சமும் 2014-இல் கைக்கு வந்த கேமில் அப்படி இல்லை என்ற சண்டையும் ரொம்பப் பிரபலம்.

அதனால் ட்ரெய்லரின் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். எந்த இயந்திரத்தில் பிடித்தது? ஆடும்போது எடுத்ததா, கதைக்காட்சியா? ஜிடிஏ 6-இன் இரண்டாவது ட்ரெய்லர் பிஎஸ்5-இல் (பிளேஸ்டேஷன் 5) பிடித்தது என்றும், அதில் பாதி ஆடும் காட்சி, பாதி கதைக்காட்சி என்றும் ராக்ஸ்டார் சொன்னது. இப்படிச் சொல்வது நல்ல அடையாளம். ஆனாலும் கதையின் நாயகர்கள் ஜேசனும் லூசியாவும் வரும் எந்த நொடி எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. 2022 செப்டம்பரில் ஜிடிஏ 6-இன் வளர்ச்சிக் காலக் காட்சிகள் திருட்டுத்தனமாக வெளியானபோது, கிராபிக்ஸ் இவ்வளவு மோசமா என்று சிலர் கேட்டார்கள். கேம் செய்யும்போது கிராபிக்ஸ்தான் முதலில் முடியும் என்று ஒருவர் அடித்துச் சொல்ல, அதைப் பார்த்த மற்ற ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் புகழ்பெற்ற கேம்கள் ஆரம்பத்தில் சாம்பல் நிறப் பெட்டிகளாக இருந்த வீடியோக்களைப் போட்டுக் கிண்டலடித்தார்கள். திறந்த உலக கேமில் வெளிச்சமும் வண்ணமும் ஒழுங்காக வருவது கடைசியில்தான்.

ஆன்லைனில் எத்தனை பேர் எதிர்பார்க்கிறார்கள் என்பதும் தரத்துக்குச் சான்றாகாது. தி டே பிஃபோர் ஒரு காலத்தில் ஸ்டீம் என்ற பிசி கேம் இணையக் கடையில் அதிகம் பேர் விஷ்லிஸ்ட் (வாங்க விரும்புபவை பட்டியல்) போட்டிருந்த கேம்களில் ஒன்று. 2023 டிசம்பர் 7-ஆம் தேதி வந்தது. நான்கே நாளில் ஸ்டுடியோ மூடப்போவதாக அறிவித்தது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

டிஜிட்டலில் ப்ரீ-ஆர்டர் செய்வது

என் கருத்தில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. டிஸ்க் மட்டுமே இருந்த காலத்தில் ப்ரீ-ஆர்டருக்கு அர்த்தம் இருந்தது. கடையில் பத்துப் பெட்டி வந்தால் பதினோராவது ஆளுக்குக் கிடைக்காது. டவுன்லோடு செய்யும் கேமுக்கு ஏது தட்டுப்பாடு? பிறகு ஏன் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும்? கேமுக்குள் போனஸாகத் தரும் ஒரு சட்டைக்கும் ஒரு துப்பாக்கி நிறத்துக்கும். அதைப் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தொடக்கூட மாட்டீர்கள்.

சைபர்பங்க்கை 80 லட்சம் பேர் ப்ரீ-ஆர்டர் செய்திருந்தார்கள். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பிரதி மட்டும். அவர்கள் தாங்களே எடுத்த காட்சியைப் போடவும் அனுமதியில்லை. பிஎஸ்4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் கேம் எவ்வளவு திணறுகிறது என்பது பணம் கட்டியவர்களுக்குத் தங்கள் வீட்டில்தான் தெரிந்தது. எட்டு நாளில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்ப வர 2021 ஜூன் ஆனது. இன்று அது நல்ல கேம்தான். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு முதன்முதலாக ஆடியவர்கள், முதல் நாள் ஆடியவர்களைவிடக் குறைந்த விலைக்கு நல்ல பிரதியை ஆடினார்கள்.

அப்படியும் முன்பதிவு செய்தே தீருவேன் என்றால், பணம் எப்படித் திரும்பும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஸ்டீமில் வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வெளியான பிறகு 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். கூடுதல் விலைப் பதிப்பு வாங்கினால் சில நாள் முன்பே ஆடலாம் என்று விற்பார்கள் அல்லவா, அந்த நாட்களில் ஆடும் நேரமும் 2024 ஏப்ரல் முதல் இந்த இரண்டு மணிக் கணக்கில் சேர்கிறது. பிளேஸ்டேஷன் கடையில் விதி வேறு. பொதுவாக டவுன்லோடு தொடங்கிவிட்டாலே ரீஃபண்ட் இல்லை. தானாக டவுன்லோடு ஆகும் வசதியை அணைத்து வைக்காவிட்டால், நீங்கள் தூங்கும்போது அந்த உரிமை போய்விடும்.

விமர்சனம் பார்க்கும்போதும் உங்களிடம் இருக்கும் இயந்திரத்தில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். விலை உயர்ந்த பிசியில் ஓடிய வீடியோவைப் பார்த்து எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-க்கு வாங்கிவிட்டு அப்புறம் வருந்த வேண்டாம்.

வராத கேமுக்கு இயந்திரம் வாங்குவது

ஜிடிஏ 6-ஐ அறிவித்திருப்பது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும்தான். பிஎஸ்4 இல்லை. பிசி பற்றி அந்த அறிவிப்பில் பேச்சே இல்லை. ராக்ஸ்டாரின் பழக்கம் இது: ஜிடிஏ 5 கன்சோலில் 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்கு 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் ஒரு வருட இடைவெளி. ஆகவே “ஜிடிஏ 6-க்காக” என்று சொல்லி இப்போதே கிராபிக்ஸ் கார்டு வாங்குவது, அளவு தெரியாத காலுக்குச் செருப்பு வாங்கும் வேலை.

மற்ற பிசி கேம்களுக்கும் குறைந்தபட்சத் தேவைப் பட்டியல் வரும்வரை பொறுங்கள். வந்ததும் அதன் சின்ன எழுத்தையும் படியுங்கள். மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் பட்டியலில் நொடிக்கு 60 ஃபிரேம் என்று இருந்தது, இடையிடையே கூடுதல் ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால்தான் அது. நல்லவேளையாக அவர்கள் இலவசச் சோதனைக் கருவி ஒன்றையும் வெளியிட்டார்கள். இண்டியானா ஜோன்ஸ் கேம், ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுக் காட்டும் ரே ட்ரேசிங் வசதி உள்ள கார்டு இல்லையென்றால் திறக்கவே திறக்காது.

கன்சோல் விஷயத்தில் மட்டும் “பொறுத்தால் விலை குறையும்” என்ற பழைய கணக்கை நம்பாதீர்கள். 2025-இல் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டும் விலையை ஏற்றின. இன்று ஆட நாலு கேம் கையில் இருந்தால் வாங்குங்கள். ஒரே ஒரு கேமுக்காக என்றால், அது கடைக்கு வந்த பிறகு யோசிக்கலாம். வாங்கும்போது டிஸ்க் டிரைவ் உள்ளதாகப் பாருங்கள். ஆடி முடித்த டிஸ்க்கை விற்று அடுத்ததை வாங்குவதுதான் நம் ஊரில் கன்சோல் செலவைத் தாங்க வைக்கும் வழி.

“மொபைல் பீட்டா” வலை

ஜிடிஏ 6 ஆண்ட்ராய்டில் வந்துவிட்டது, ஏபிகே (ஆப் நிறுவும் கோப்பு) இதோ என்று யாராவது லிங்க் அனுப்பினால் அது போலி. யோசிக்கவே வேண்டாம், அறிவித்த இயந்திரங்களில் போன் இல்லை. இப்படி வரும் ஆப்கள் எஸ்எம்எஸ் படிக்கவும் திரையைப் பார்க்கவும் அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி போகும், பின்னாலேயே வங்கிப் பணமும் போகும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்பா அம்மா போனில் விளையாடுகிறார்கள் என்றால் இதை அவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

ஒன்றுக்காக மற்றதை விடுவது

ஹாலோ நைட்: சில்க்சாங் 2019 பிப்ரவரியில் அறிவித்து 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி வந்தது. ஆறரை வருடம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அதன் பெயர் வருமா என்று பார்த்து ஏமாந்த ரசிகர்கள், தங்களையே கோமாளியாக வரைந்து மீம் போட்டுக்கொண்டார்கள். கேம் அருமையாகவே வந்தது. ஆனால் அந்த ஆறரை வருடத்தில் அதே வகையில் வந்த நல்ல கேம்களை அவர்களில் எத்தனை பேர் ஆடினார்களோ. வெளியீட்டு அன்று கூட்டம் தாங்காமல் ஸ்டீம் உட்படப் பல கடைகள் திணறின. அடுத்த நாள் வாங்கியவர்களும் அதே கேமைத்தான் ஆடினார்கள்.

ஸ்டீமில் வருடத்துக்குச் சில முறை நெக்ஸ்ட் ஃபெஸ்ட் நடக்கிறது. வரப்போகும் கேம்களின் டெமோவை இலவசமாக ஆடலாம். ட்ரெய்லரைப் பார்த்து ஊகிப்பதைவிட அரை மணி நேரம் கையில் எடுத்து ஆடிப் பார்ப்பது எவ்வளவோ மேல். பிடித்தால் விஷ்லிஸ்டில் போடுங்கள். அதற்குக் காசில்லை, சின்ன ஸ்டுடியோக்களுக்கு உண்மையிலேயே உதவும்.

சின்ன கேம்கள் என்றதும் வெண்பா என்ற கேம் ஞாபகம் வருகிறது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு இட்லி ஊற்றும் வேலை நமக்கு. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. இன்னும் ஆடாதவர்கள் நவம்பருக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு மாலையில் ஆடி முடித்துவிடலாம். முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது என்பதால், மேலே சொன்ன ரீஃபண்ட் விதியை இதில் மட்டும் காட்டிவிடாதீர்கள்.