வேனில் சக்கர நாற்காலி நகராமல் இருக்க நாங்கள் செய்தது

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு அப்பாவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும்போது, வேன் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் சக்கர நாற்காலி முன்னால் நகரும். நாற்காலியின் பிரேக் நின்ற இடத்தில் சக்கரம் உருளாமல் இருக்க மட்டுமே. ஓடும் வண்டிக்கு அது போதவே போதாது. கயிறு கட்டிப் பார்த்தோம், வழியிலேயே தளர்ந்தது.

பிறகு எங்கள் வேனின் தரையில், நாற்காலியை இழுத்துக் கட்டும் நான்கு பட்டைகள் பொருத்தினோம். வெறும் தகட்டில் போல்ட் போட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று மெக்கானிக் அண்ணன் அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு சேர்த்தே முடுக்கினார். நாற்காலி முன்பக்கம் பார்த்தே நிற்க வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கொக்கிகள். அவற்றை நாற்காலியின் வெல்டிங் செய்த சட்டத்தில் மாட்ட வேண்டும். சக்கரத்திலோ கழற்றக்கூடிய கால்தாங்கியிலோ கூடவே கூடாது.

இந்தப் பட்டைகள் நாற்காலியைத்தான் பிடிக்கும், ஆளை அல்ல. இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் கவலை. அப்பாவுக்குத் தனியாக, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் வண்டி பெல்ட். கைத்தாங்கியின் மேலாகப் போட்டால் உடலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. கைத்தாங்கிக்கு உள்ளே நுழைத்து, வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய இழுத்தோம்.

வண்டியில் இருக்கையாகவே பயன்படுத்தும் சக்கர நாற்காலிகளுக்கு ஐஎஸ்ஓ 7176-19 என்ற சர்வதேசத் தரம் உண்டு. அந்தத் தரத்துக்கான நாற்காலிகளை மணிக்கு 48 கி.மீ. வேக மோதலில் சோதிக்கிறார்கள். எங்களுடைய மடக்கு நாற்காலியில் அந்தக் குறிப்பு இல்லை. அதனால் நீண்ட பயணத்தில் அப்பாவை வேன் இருக்கைக்கு மாற்றி பெல்ட் போட்டுவிட்டு, காலி நாற்காலியைப் பட்டைகளால் கட்டுகிறோம்.