வீட்டுக் கொல்லையில் உள்ள பழமரங்களைப் பூச்சியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கும் முறை

கொய்யாப் பழத்தைப் பிளந்தவுடன் புழு நெளிவதைக் கண்டு மருந்துக் கடைக்கு விரைவோர் பலர். ஆனால் அந்த நிலையில் எதைத் தெளித்தாலும் பயனில்லை. காய் முற்றி நிறம் மாறத் தொடங்கும்போதே பெண் பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுவிடுகிறது. அதிலிருந்து வரும் புழுக்கள் சதையைத் தின்று வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈக்களாக மேலே வருகின்றன. ஆகவே உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி அகற்றுவதுதான் இதில் முதல் மருத்துவம். அவற்றை எருக்குழியில் போடக் கூடாது. தடித்த பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் வைக்கலாம், அல்லது இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம். மரத்தடி மண்ணை அவ்வப்போது கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் எறும்புக்கும் பறவைக்கும் இரையாகும்.

காய் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்ததும் காகிதப் பையாலோ மெல்லிய துணியாலோ மூடிக் கட்டுவது, சில மரங்களே உள்ள வீட்டுக்கு எல்லா வழிகளையும்விடச் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அணிலிடமிருந்தும் பழம் தப்பும். மெத்தில் யூஜினால் என்னும் வாசனைப் பொருள் வைத்த கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களை மட்டுமே ஈர்க்கும் என்பதால், அதை மட்டும் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இலையடியிலும் காம்பிலும் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மை தெரிந்தால் அது மாவுப்பூச்சி. அது சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளியேற்றுகிறது. அந்தக் கழிவின்மேல் கரும்பூசணம் படர்கிறது. இனிப்புக்காக வரும் எறும்புகளோ மாவுப்பூச்சியை அதன் எதிரிகளிடமிருந்து காத்து நிற்கின்றன. எனவே எறும்பு ஏறுவதை முதலில் தடுக்க வேண்டும். அடிமரத்தில் ஓரடி அகலப் பாலித்தீன் தாளை இறுகச் சுற்றி, அதன்மேல் பசையுள்ள கிரீஸைத் தடவுவதோடு, தரையையோ சுவரையோ பிற செடிகளையோ தொடும் கிளைகளை வெட்டிவிடவும் வேண்டும். பிறகு குழாய்நீரை இலையடியில் வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

எஞ்சியவற்றுக்கு வேப்பங்கொட்டைச் சாறு போதும். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, ஒரு லிட்டராக்கிச் சிறிது காதி சோப்புக் கரைசலைச் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மாவுப்பூச்சிகளுக்கு நடுவே சற்றுப் பெரிதாக, வெள்ளை இழைகளோடு சுறுசுறுப்பாக ஊர்ந்து திரிவது, மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். அதை நசுக்கிவிடக் கூடாது. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி என்று பரவியபோது, அதை அடக்கியது 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான். கடுமையான பூச்சிக்கொல்லி இத்தகைய குளவிகளையும் அழித்துவிடும்.

எலுமிச்சைத் தளிரில் பறவை எச்சம்போல் தோன்றும் புழுக்களைக் கையால் எடுத்து அகற்றினாலே போதும். இலையிலும் காயிலும் சொரசொரப்பான புள்ளிகளாகத் தோன்றும் சொறி நோயிலிருந்து அவ்வளவு எளிதாகத் தப்ப முடியாது. மழைத்துளி தெறித்துப் பரவும் அந்த நோய், இலைத்துளைப்பான் புழு இலைக்குள் குடைந்த காயங்கள் வழியே எளிதில் நுழைகிறது. நோயுற்ற கிளைகளை மழையற்ற நாளில் வெட்டி எரித்துவிட்டு, ஒரு சதவீத போர்டோ கலவையைத் தெளிக்கலாம். 10 கிராம் மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) 10 கிராம் சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பாத்திரங்களில் அரையரை லிட்டர் நீரில் கரைத்து, சுண்ணாம்பு நீரில் துத்தக் கரைசலை ஊற்றிக் கலக்க வேண்டும். துருவில்லாத இரும்புக் கத்தியைச் சற்றுநேரம் அமிழ்த்தி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும்.

மாமரத்தில் பூங்கொத்து தலைகாட்டும்போதே அதன் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்க வேண்டும். வெண்பொடி படர்ந்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகத்தை (நீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம், ஆனால் வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள் கந்தகத்தைத் தெளித்தால் இலை கருகக்கூடும். பூ விரிந்து ஈக்களும் தேனீக்களும் மொய்க்கும் நாட்களில் பூச்சிக்கொல்லி எதையும் தெளிக்கக் கூடாது; மகரந்தச் சேர்க்கை கெட்டுப் பிஞ்சு குறைந்துவிடும். அறுவடை முடிந்ததும் உட்புறக் கிளைகளைக் கழித்து மரத்துக்குள் வெயில் நுழைய வழிசெய்தால், அடுத்த பருவத்தில் தத்துப்பூச்சி அடைய நிழலான இடம் குறையும்.