வீடியோ காலில் டாக்டர்: ‘அஞ்சு எம்.எல்.’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

வலிப்பு, மூளை முடக்குவாதம், மூக்குக் குழாய் வழியே பால் என்று பல சிக்கல்கள் சேர்ந்த குழந்தையைப் பேரையூரிலிருந்தோ எழுமலையிலிருந்தோ பஸ் மாறி மதுரைக்குத் தூக்கி வருவது பெரும்பாடு. வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச முடிவது அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். சார்ஜ், சிக்னல் விஷயமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுவோம்.

மருந்தை எம்.எல். கணக்கில் மட்டும் சொல்வது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது. “என்ன மருந்து கொடுக்கிறீங்க?” என்று டாக்டர் கேட்பார். “அந்தச் சிவப்பு மருந்துதான் சார், அஞ்சு எம்.எல்.” என்று பதில் வரும். எம்.எல். என்பது சிரப்பின் அளவுதான்; உள்ளே எத்தனை எம்.ஜி. (மில்லிகிராம்) மருந்து என்பது அதில் இல்லை. வலிப்பு மருந்துகளையே பாருங்கள்: 5 எம்.எல். வால்ப்ரோயேட் சிரப்பில் 200 எம்.ஜி. இருக்கலாம், 5 எம்.எல். லெவிடிராசிட்டம் சிரப்பில் 500 எம்.ஜி. இருக்கலாம்.

ஒரே மருந்திலேயே இந்தக் குழப்பம் உண்டு. பாராசிட்டமால் 5 எம்.எல்.-க்கு 125 எம்.ஜி. என்றும் வருகிறது, 250 எம்.ஜி. என்றும் வருகிறது. சொட்டு மருந்திலோ ஒரே எம்.எல்.-இல் 100 எம்.ஜி. பத்து கிலோ குழந்தைக்கு 150 எம்.ஜி. தர வேண்டுமென்றால் முதல் சிரப்பில் 6 எம்.எல்., இரண்டாவதில் 3, சொட்டு மருந்தில் ஒன்றரை. டாக்டர் 125 சிரப்பை மனதில் வைத்து “ஆறு” என்கிறார், வீட்டில் இருப்பது சொட்டு மருந்து என்றால், குழந்தைக்குள் போவது 600 எம்.ஜி.: நான்கு மடங்கு. பெரியாஸ்பத்திரியில் வாங்கிய பாட்டில் தீர்ந்து, ஊர்க் கடையில் “இதுவும் அதே மருந்துதாம்மா” என்று வேறு கம்பெனி பாட்டில் தரும் நாளில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது.

வீடியோ கால் தொடங்குமுன் எல்லா பாட்டில்களையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் லேபிளையும் படமெடுத்து அனுப்புங்கள். மருந்தின் பெயர், எத்தனை எம்.எல்.-க்கு எத்தனை எம்.ஜி., காலாவதி தேதி மூன்றும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். டாக்டர் அளவை மாற்றினால் எம்.ஜி., எம்.எல். இரண்டையும் கேட்டு எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள். அடுப்படிக் கரண்டி வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள்.

பழைய எடை

மருந்தின் அளவு குழந்தையின் எடையை வைத்துத்தான் போடப்படுகிறது. அதனால் பழைய எடையைச் சொல்லாமல், புதிதாக எடுத்துச் சொல்லுங்கள். நிற்க முடியாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழியுங்கள். கைக்குழந்தை என்றால் அங்கன்வாடித் தராசுதான் சரி.

மருந்து கொடுப்பவர் ஒருவர், பேசுபவர் இன்னொருவர்

பகலில் கொடுப்பது அப்பத்தா என்றால் அப்பத்தாவும் வீடியோ காலில் இருக்கட்டும். குழந்தையோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது.

“மூச்சு வேகமா இருக்கு”

எவ்வளவு வேகம்? குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கைக்குழந்தையிடம் தப்பாகும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 என்று தொட்டாலே அது வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழிவிழுவதையும் வெளிச்சத்தில் காட்டுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் மாட்டினால் விரல் சூடாக இருக்க வேண்டும், நகத்தில் மருதாணி இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கான கிளிப் பச்சைக் குழந்தை விரலில் நிற்காது. பாதத்தில் சுற்றும் வகை வேண்டும்.

மூக்குக் குழாய்

குழாய் இரைப்பையில் இருக்கிறதா என்று கேமராவில் எந்த டாக்டராலும் பார்க்க முடியாது. குழாயில் மூக்கோரம் அடையாளமாகப் போட்ட கோடு வெளியே நகர்ந்திருந்தால் பால் ஊற்றாமல் நேரில் போங்கள்.

வலிப்பு 5 நிமிடம் தாண்டினால்

வீடியோ கால் வேண்டாம். வலிப்புக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த மூக்கு ஸ்பிரே இருந்தால் அடியுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.